மிளகாய்ச் செடியின் இலையைப் பார்த்துக் குறையை அறியும் முறை

மிளகாய் பயிரிடும் குடியானவர்கள் விவசாய உத்தியோகஸ்தர்களிடம் கேட்கும் கேள்விகளில் மிகுதியானவை இலையைப் பற்றியவையே. "இலை மஞ்சளித்துவிட்டது, என்ன உரம் போடலாம்?" என்று ஒருவர் கேட்பார். "இலை சுருண்டுவிட்டது, என்ன மருந்து தெளிக்கலாம்?" என்று மற்றொருவர் கேட்பார். செடியை நேரில் பாராமல் இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூற எவராலும் இயலாது. மிளகாய் இலை மஞ்சளிப்பதற்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. சுருளுவதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று உண்டு. ஒரு காரணத்துக்கு ஏற்ற சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படாது; சில சமயங்களில் தீங்கும் விளைவிக்கும்.

காரணம் அறியாமல் செய்யும் செலவினால் பணம் மட்டும் வீணாவதில்லை, நாட்களும் வீணாகின்றன. நாற்று நட்ட சுமார் 40 நாட்களில் மிளகாய் பூக்கத் தொடங்குகிறது. அதற்கு முன் இரண்டு வாரங்கள் தவறான சிகிச்சையில் கழிந்துவிட்டால், முதற் பறிப்பு பெரும்பாலும் கைவிட்டுப் போகும். ஆகையால் கடைக்குச் செல்லுமுன் இலையைக் கவனித்துப் படிக்கக் கற்பது ஒவ்வொரு குடியானவருக்கும் அவசியம். அதற்கான முறையை, வயலில் பயிரிடுவோருக்கும் வீட்டுக் கொல்லையிலும் தொட்டியிலும் சில செடிகள் வளர்ப்போருக்கும் உதவுமாறு, இங்கே எழுதுகிறோம்.

பெயரைக் கண்டு ஏமாறலாகாது

நோய் என்று பெயர் பெற்ற யாவும் கிருமியால் வருவன அல்ல. இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிரின் இலைகளில் துருப்போன்ற பழுப்பு நிறம் தோன்றிப் பயிர் குன்றிப் போவதைக் "கைரா நோய்" என்று அழைத்தனர். அதற்குக் காரணம் மண்ணில் பயிருக்குக் கிட்டும் துத்தநாகம் குறைந்திருப்பதே என்று பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய். எல். நெனே 1966-ஆம் ஆண்டில் வெளியிட்டார். துத்தநாக சல்பேட்டு இட்டவுடன் பயிர் தேறியது. இதற்கு நேர்மாறாக, பூச்சியும் நச்சுயிரியும் செய்த கேட்டை உரக் குறைவு என்று எண்ணி மூட்டை மூட்டையாக உரம் இடுவோரும் உளர். இரண்டும் ஒரே பிழையின் இரு பக்கங்களே. இலையின் நிறத்தை மட்டும் பார்த்து, அது எந்த இலை, எவ்விதம் மாறியது என்று பாராமையே அப்பிழை.

மூன்று கேள்விகள்

காலை 9 மணிக்கு முன் வயலுக்குச் செல்க. உச்சி வெயிலில் நல்ல செடியும் வாடித் தோன்றும். மூலைக்கு மூலை குறுக்காக நடந்து, 20 செடிகளையேனும் நின்று பார்க்க வேண்டும். பாதை ஓரத்துச் செடியை மட்டும் பார்த்துத் திரும்புவது போதாது. அப்பொழுது பின்வரும் மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுக்கொள்க.

1. மாறுதல் முதலில் தோன்றியது அடியிலுள்ள முதிர்ந்த இலையிலா, நுனியிலுள்ள இளந்தளிரிலா?

2. மாறுதல் எவ்விதமானது? இலை முழுவதும் வெளுத்ததா? நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளின் நடுவிடம் மட்டும் வெளுத்ததா? ஓரம் கருகியதா? புள்ளி விழுந்ததா? மேல்நோக்கி மடிந்ததா, கீழ்நோக்கி மடிந்ததா?

3. பாதிக்கப்பட்ட செடிகள் எங்கே இருக்கின்றன? வயல் முழுவதும் ஒரே சீராக இருப்பின், மண்ணையும் எருவையும் தண்ணீரையும் ஐயுற வேண்டும். திட்டுத் திட்டாக இருப்பின், நீர் தேங்குதல், உவர், வேர்ப்புழு இவற்றை நினைக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனிச்செடிகள் கெட்டிருப்பின், நச்சுயிரி நோய் இருக்கக்கூடும். ஒரு பக்கத்தில் தொடங்கி உட்புறம் பரவினால், பூச்சியோ சிலந்தியோ வெளியிலிருந்து வருகிறது என்று கொள்ளலாம்.

முதிர்ந்த இலை கூறுவது

வறிய குடும்பத்தில் தாய் தன் வயிற்றைக் கட்டிக் குழந்தைக்கு ஊட்டுவாள். செடியும் அவ்வாறே செய்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. மண்ணில் இவை குறையும்பொழுது, செடி தன் முதிர்ந்த இலைகளில் உள்ளதை எடுத்துத் தளிருக்கு அனுப்புகிறது. ஆகவே இச்சத்துக்களின் குறை அடி இலைகளிலேயே முதலில் தெரியும்.

தழைச்சத்துக் குறைவு: அடி இலைகள் நரம்பு உட்பட ஒரே சீராக வெளிர் மஞ்சளாகி உதிரும். செடி உயராமல் மெலிந்து நிற்கும். செடியின் மேற்பகுதி நல்ல பச்சையாக இருந்து, அடியில் ஓரிரு இலைகள் மட்டும் பழுத்து உதிர்வது இயற்கையே. அதற்குச் சிகிச்சை தேவையில்லை. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டிவிடாமல், அடியுரம் போக மீதியை நட்ட 30, 60, 90-ஆம் நாட்களில் பிரித்து இடுவது நன்று. அளவு மிஞ்சினால் இலை கரும்பச்சையாகிச் செடி கொழுத்து வளரும். பூ குறையும், சாறு உறிஞ்சும் பூச்சிகளும் பெருகும்.

மணிச்சத்துக் குறைவு: செடி குன்றும். இலை மங்கிய கரும்பச்சையாகி, சில சமயம் அடிப்புறம் ஊதாச் சாயல் காட்டும். மஞ்சள் நிறம் எளிதில் தோன்றாமையால் இதனைப் பலர் கவனிப்பதில்லை.

சாம்பல் சத்துக் குறைவு: அடி இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் மஞ்சளித்துப் பின் தீய்ந்தாற்போல் கருகும். இலையின் நடுவிடம் நெடுநாள் பச்சையாகவே இருக்கும்.

மெக்னீசியக் குறைவு: அடி இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடையிடம் மஞ்சளாகும். மணற்பாங்கான நிலத்திலும், தொடர்ந்து நீரூற்றிச் சத்துக்கள் கரைந்தோடிய தொட்டி மண்ணிலும் இது தோன்றக்கூடும். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மெக்னீசியம் சல்பேட்டைக் கரைத்து இலைமீது தெளித்தால் தேறும்.

இளந்தளிர் கூறுவது

இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான் முதலியவை ஓர் இலையில் சேர்ந்தபின் எளிதில் இடம் பெயர்வதில்லை. துத்தநாகமும் கந்தகமும் அவ்வளவாகப் பெயர்வதில்லை. ஆகவே இவற்றின் குறை இளைய இலைகளிலேயே தெரியும். அடி இலை பச்சையாக இருக்கத் தளிர் வெளுத்தால், அது தழைச்சத்துக் குறைவு அன்று என்று உறுதியாகக் கொள்ளலாம். அங்கே யூரியா இடுவது வீண்.

இரும்புக் குறைவு: தளிர் வெளிர் மஞ்சளாகி, முற்றினால் ஏறக்குறைய வெண்மையாகும். நரம்புகள் மட்டும் வலைப்பின்னல்போல் பச்சையாகத் தோன்றும். சுக்கான் கலந்த சுண்ணாம்பு நிலங்களில் இது மிகுதி. அந்நிலங்களில் இரும்பு இல்லாமல் இல்லை; வேர் உறிஞ்சக்கூடிய நிலையில் இல்லை என்பதே குறை. மண்ணில் சில துளி காடியை விட்டால் பொங்கி நுரைக்குமாயின் சுண்ணாம்பு மிகுதி என்று அறியலாம்.

இதனை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெளுத்த இலையின் ஒரு பாதியில் மட்டும் மாலையில் தடவுக. சில நாட்களில் தடவிய பாதி பச்சையாகி மற்றப் பாதி வெளுத்தே இருந்தால், குறை இரும்பே. பின்னர் அக்கரைசலையே பத்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டு மூன்று தடவை தெளிக்கலாம். கரைசலை அவ்வப்பொழுது புதிதாகவே தயாரிக்க வேண்டும். வைத்திருந்தால் துருவாகிப் பயனற்றுப் போகும்.

கந்தகக் குறைவு: தளிர் இலை நரம்பு உட்பட ஒரே சீராக வெளுக்கும். தழைச்சத்துக் குறைவைப் போன்றே தோன்றினும், இது மேலிருந்து தொடங்குவதால் வேறுபடுத்தி அறியலாம்.

துத்தநாகக் குறைவு: புது இலைகள் சிறுத்துக் குறுகும். கணுக்களின் இடைவெளி சுருங்கி, இலைகள் கொத்தாகத் தோன்றும். நரம்பிடையே மஞ்சள் திட்டுக்கள் காணும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 2.5 கிராம் நீற்றின சுண்ணாம்பும் சேர்த்து வடிகட்டித் தெளிக்கலாம்.

சுண்ணாம்புச் சத்துக் குறைவு: குருத்து வளைந்து நுனி கருகும், காயின் முனையில் தோல் நிறமான அழுகல் திட்டு விழும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தும், ஒருநாள் வெள்ளமும் பலநாள் வறட்சியுமாக நீர் பாய்ச்சுவதால் இது நேரும். அங்கே நீர்ப் பாய்ச்சலைச் சீராக்குவதே முதற் சிகிச்சை.

வேரைப் பாராமல் முடிவு செய்யலாகாது

மேற்கூறிய குறிகள் தெளிவாக இல்லாமல் செடி பொதுவாகச் சோர்ந்து மஞ்சளித்தால், ஒரு செடியை மண்ணோடு கிளப்பி வேரைப் பார்க்க வேண்டும். ஒரு செடியை இழக்க மனமில்லாமல் வயலையே இழந்தவர்கள் உண்டு.

நல்ல வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். வேர் பழுத்துக் குழைந்து தோல் உரிந்து நாறினால், நீர் தேங்கி மூச்சடைத்து அழுகியது என்று அறிக. அச்செடியின் இலை, மண் ஈரமாக இருக்கும்பொழுதே வாடும். அதனைத் தண்ணீர்த் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவது, மூழ்குகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதாகும். தொட்டிச் செடிகளில் இது மிகச் சாதாரணம். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீரூற்ற வேண்டும். வயலில் வடிகால் வெட்டிப் பார் அமைத்து நடுவது நன்று.

வேரில் மணி மணியாக முடிச்சுக்கள் காணின், அது வேர்முடிச்சுப் புழு. வண்டி வண்டியாக உரமிட்டாலும் அவ்வேர் உண்ணாது. அவ்விடத்தில் அடுத்த போகத்துக்கு மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் தவிர்த்துப் பயிரை மாற்றுவதும், இடையில் செண்டுமல்லி பயிரிடுவதும், வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் பயன் தரும்.

வேரும் நன்றாக இருந்து, பச்சையாகவே செடி திடீரென்று வாடினால், தண்டின் அடியைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் தொங்க விடுக. சில நிமிஷங்களில் பால்போன்ற இழை வடிந்தால் அது பாக்டீரியா வாடல் நோய். அச்செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும். அதன் அடியிலிருந்து மற்றச் செடிகளுக்கு நீர் பாயலாகாது.

அடி இலைகளின் ஓரம் கருகி, மண்ணின் மேலோ தொட்டியின் விளிம்பிலோ வெள்ளைப் பூப்புக் காணின், அது உவரின் குறி. சாம்பல் சத்துக் குறைவிலும் ஓரம் கருகும். வெள்ளைப் பூப்பும் கிணற்று நீரின் கரிப்பும் இரண்டையும் பிரித்துக் காட்டும். உவர் நிலத்தில் மேலும் உரமிடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதாகும். நல்ல நீரால் அலசி வடிய விடுவதே வழி.

சுருளும் இலை

மிளகாயின் பெரிய பகை இலைச் சுருட்டையே. இதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

முதல் வகையில் இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, இலை ஓடம்போல் குழியும். இது இலைப்பேன் செய்யும் கேடு. நுனிக்கிளையை ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டினால், மெல்லிய கீற்றுப்போன்ற சிறு பூச்சிகள் விழுந்து ஓடும். வறண்ட வெப்பக் காலத்தில் இவை பெருகும்.

இரண்டாம் வகையில் ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, இலை கவிழ்த்த ஓடம்போல் இருக்கும். இலை குறுகி, காம்பு நீண்டு, எலிவால்போல் தோன்றும். இது முரணைச் சிலந்தியின் வேலை. இச்சிலந்தி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியால் தளிரின் அடிப்புறத்தைப் பார்த்தால் ஊர்வது தெரியும். இது எட்டுக்கால் உள்ளது. பூச்சி இனத்தைச் சேர்ந்தது அன்று. ஆகையால் பூச்சிக்கென்று விற்கப்படும் அநேக மருந்துகளுக்கு இது அஞ்சுவதில்லை. சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடிக்கடி தெளித்தால், சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்கள் மாண்டு, சிலந்தி முன்னிலும் பெருகும்.

அடுத்தடுத்த இரு வயல்களில் ஒன்றில் இலை மேலே மடிந்தும் மற்றொன்றில் கீழே மடிந்தும் இருக்க, இருவரும் ஒரே மருந்தைத் தெளிப்பதை நாம் காண்கிறோம். ஒருவர் பயிர் தேறும், மற்றவர் பயிர் தேறாது. தேறாதவர் மருந்து கலப்படம் என்று எண்ணி, இரட்டிப்பு அளவில் மீண்டும் தெளிப்பார். அவர் பார்க்கத் தவறியது இலை எந்தப் பக்கம் மடிந்தது என்பது ஒன்றே.

சிலந்திக்கு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வீதம் காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்புறம் படுமாறு தெளிக்கலாம். கடும் வெயிலில் தெளித்தால் இலை வெந்துபோகும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள் கந்தகம் தெளிக்கலாகாது. இலைப்பேன் தொடக்க நிலையில் இருக்கும்பொழுது வேப்பங்கொட்டைச் சாறு நல்ல பயன் தரும். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். வீட்டுச் செடிகளுக்கு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு என்ற கணக்கே போதும்.

மூன்றாம் வகை நச்சுயிரியால் வருவது. வெள்ளை ஈ இதனைப் பரப்புகிறது. இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, நரம்பு தடித்து மேடு பள்ளமாகும். செடி குட்டையாகிப் புதர்போல் அடர்ந்து, காய் பிடியாது. காகிதத்தில் தட்டினால் பேன் விழாது. அல்லது பேனை ஒழித்த பின்னும் புதுத் தளிர் சுருண்டே வரும். இதற்கு மருந்தே இல்லை. அவ்வாறான செடியை, பசுமையாக இருக்கிறதே என்று இரங்காமல், கண்டவுடன் பிடுங்கிப் புதைக்க வேண்டும். ஒரு செடியை விட்டுவைத்தால் ஈக்கள் அதனை வயலெங்கும் பங்கிட்டுவிடும். நாற்றங்காலை நெருங்கிய கண்ணுள்ள நைலான் வலையால் மூடுவதும், வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் அல்லது சோளம் விதைப்பதும், ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறிகள் வைப்பதும் முன்னெச்சரிக்கையாகும்.

இலைகளைப் பார்க்கும்பொழுதே பூக்களையும் விரித்துப் பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டில் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் மிளகாய் வயல்களில், அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு புதிய இலைப்பேன் இனம் பூக்களினுள் கூட்டமாகப் புகுந்து பூக்களை உதிரச் செய்து பெருநஷ்டம் விளைவித்தது. பூவைக் காகிதத்தில் தட்டிப் பார்ப்பவர் இதனை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வார்.

புள்ளியும் பொடியும்

வட்டமான புள்ளியின் நடுவே சாம்பல் வெண்மையும் சுற்றிலும் கரும்பழுப்பும் இருந்து தவளைக் கண்போல் தோன்றினால், அது பூஞ்சணத்தால் வரும் இலைப்புள்ளி நோய். சிறிய, நீர் கோத்த, ஒழுங்கற்ற புள்ளிகள் மழைக்குப் பின் திடீரெனப் பரவி இலை உதிர்ந்தால், பாக்டீரியாப் புள்ளி நோய் என ஐயுறலாம். இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டும், அதற்கு நேர் அடிப்புறத்தில் வெண்பொடியும் காணின், அது சாம்பல் நோய். மேற்புறம் மட்டும் பார்ப்பவர் இதனைச் சத்துக் குறைவு என்றே முடிவு செய்வார். சாம்பல் நோய்க்கு மேற்கூறிய கந்தகமே ஏற்றது.

சிகிச்சை செய்யும் ஒழுங்கு

காரணத்தை ஊகித்த பின்னும், வயல் முழுவதிலும் ஒரேநாளில் செலவிடத் தேவையில்லை. இரண்டு பார்களில் மட்டும் சிகிச்சை செய்து, அடையாளக் குச்சி நட்டு, ஏழு முதல் பத்து நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பொருள்களைக் கலந்து தெளித்தால், தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. பயனைப் புதுத் தளிரில் பார்க்க வேண்டும். கருகிய ஓரமும் சுருண்ட இலையும் பழைய நிலைக்குத் திரும்பா. அவற்றைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று மீண்டும் தெளிப்பது தவறு. மருந்து தெளித்தால், பறிப்புக்கு முன் விட வேண்டிய நாட்களைப் புட்டியில் அச்சிட்டபடி கண்டிப்பாய்க் கடைப்பிடிக்க வேண்டும். நாம் விற்கும் வற்றல் பல வீடுகளில் குழந்தைகளின் சோற்றிலும் சேருகிறது.

தாமே முடிவு செய்ய இயலாதவர்கள், நல்ல செடி ஒன்றும் கெட்ட செடி ஒன்றும் வேரோடு பிடுங்கி, தனித்தனியே காகிதத்தில் சுற்றி, வாடுமுன் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ கிருஷி விஞ்ஞான கேந்திரத்துக்கோ கொண்டு செல்வார்களாக. நட்ட தேதி, இட்ட உரம், தெளித்த மருந்து, நீர் பாய்ச்சிய நாள், வயலில் கேடு தொடங்கிய இடம் இவ்வைந்தையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்க. ஓர் இலையை மட்டும் கிள்ளிச் சட்டைப் பையில் கொண்டுவந்து காட்டுவதால், காண்பவருக்கும் காட்டுபவருக்கும் பயன் மிகக் குறைவு.